ஐயாவின்ரை அரை மணித்தியாலம்

இதை எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். ஐயாவின்ரை ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டு எண்டு ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கவேணும், மோன் எண்ட முறைக்கு நீயும் அதிலை ரெண்டு பக்கம் எழுது எண்டு அக்கா மாசக்கணக்கா நச்சரிச்சவ. நானும் "ஓம் ஓம்" எண்டு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திப்போட்டன். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மனத்தாங்கல். எழுத்துப்பிழை வந்தால் ஐயா ஒண்டும் நினைக்க மாட்டார். மாமாதான் நினைப்பார்.

மாமா எண்டது அம்மாவின்ரை தமையன். வாத்தியாரா இருந்து இளைப்பாறினவர். எனக்குப் பதிலாத் தானே ஒரு கட்டுரை எழுதித் தந்தவர். "இன்முகம் மாறாத பண்பாளர்" எண்டு தொடங்குது. வாசிச்சுப்போட்டு, "மாமா, இது ஆரின்ரை ஐயா?" எண்டு கேட்டன். எங்கடை ஐயாவின்ரை முகம் இன்முகம் இல்லை. அது நித்திரை காணாத முகம். முதல் பக்கத்திலை இருக்கிற படத்தை வடிவாப் பாருங்கோ. அக்காவின்ரை கலியாணத்திலை எடுத்தது. கண் அரைவாசி மூடிக்கிடக்கு. படம் பிடிச்சவன் மூண்டு தரம் எடுத்தவன். அந்த மூண்டிலையும் கண் கூடுதலாத் திறந்திருக்கிறது இதுதான்.

பின்னை ஏன் எழுதுறன் எண்டால், அதுக்கு நீங்கள்தான் காரணம். இந்த ஒரு வருசமா படலையிலை, சந்தியிலை, கோயில் வீதியிலை காணுற ஆக்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "தம்பி, இனிக் கொம்மாவை ஆர் பாக்கிறது? உனக்கு ஏலுமோ?" ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பகிடி விட்டுத் தப்பி வந்தனான். இப்ப பகிடியும் முடிஞ்சு போச்சுது. எல்லாருக்கும் சேர்த்து இதிலை மறுமொழி சொல்லிவிடுறன். அதுக்கு முதல் ஐயா எப்பிடிப் பாத்தவர் எண்டு சொல்லவேணும். அது கனபேருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆக்களுக்கும் பிழையாத்தான் தெரியும்.

ஐயா பிறந்தது நீர்வேலியிலை. வாழைத்தோட்டக்காரர். ஐம்பத்தாறிலை அம்மாவைக் கலியாணம் முடிச்சு சண்டிலிப்பாய்க்கு வந்தவர். அம்மாவுக்குச் சீதனம் எண்டு குடுத்தது இந்த வீடும் வளவும், ஒரு மைல்கட்டை தள்ளி ஆறு பரப்புத் தோட்டமும். அது புகையிலைத் தோட்டம். வாழைக்குலை சுமந்த மனிசன் புகையிலை பழகவேண்டி வந்தது. முதல் வருசம் கண்டுக்கு மறைப்பு வைக்கத் தெரியாமல் நட்டு, அரைவாசி வெயிலிலை வாடிப்போச்சுதாம். மாமா இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நாலாம் வருசம் மாமாவே ஐயாவிட்டை நாத்து வாங்கினவர். அதை மட்டும் சொல்ல மாட்டார்.

அக்கா பிறந்து நாலு வருசத்தாலை நான். நான் பிறந்த கையோடைதான் அம்மாவுக்கு முட்டு வருத்தம் தொடங்கினது. வாறவை போறவை எல்லாம், "நீ வரேக்கை கொம்மாவின்ரை மூச்சிலை பாதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தனி" எண்டு பகிடி விடுவினம். நான் சின்னனிலை அதை உண்மை எண்டு நம்பி, திருப்பிக் குடுக்கிறதுக்காக அம்மாவின்ரை வாய்க்குள்ளை ஊதினனானாம். அம்மா சிரிச்சுச் சிரிச்சு, அதிலையும் முட்டு வந்ததாம்.

படுத்தால் அம்மாவுக்கு மூச்சு வராது. சாய்மனைக் கதிரையிலை சாஞ்சபடிதான் நித்திரை. கதிரையின்ரை காலடியிலை ஐயா பாய் விரிச்சுக் கிடப்பார். அம்மா இருமினால் எழும்பவேணும். கனநேரம் இருமாட்டில், என்ன சத்தத்தைக் காணேல்லை எண்டு அதுக்கும் எழும்பவேணும். விடியமுதல் மல்லித்தண்ணி வைச்சுக் குடுத்து, முதுகைத் தடவி, அவவை நிமித்தி இருத்திப்போட்டுக் குசினிக்குள்ளை போவார். ஐயாவின்ரை இடியப்பம் சாப்பிட்ட ஆக்கள் மறந்திருக்க மாட்டியள்.

"ஐயா, இது இடியப்பமோ, துலாக்கயிறோ?"

"கயிறெண்டால் மெல்லமாக் கடி. பல்லுப் போனால் உனக்கு ஆர் பொம்பிளை தாறது?"

கதிரையிலை இருந்து அம்மா சிரிக்க வெளிக்கிடுவா. சிரிப்பு இருமலாகும். ஐயா அகப்பையும் கையுமா ஓடி வந்து என்னை முறைப்பார். "சிரிக்க வைக்காதை எண்டு சொன்னனானெல்லே." எங்கடை வீட்டிலை சிரிப்புக்கும் ஒரு அளவு இருந்தது. ஊர் முழுக்கப் பகிடி விட்டுத் திரியிறான் எண்டு என்னைப் பற்றிக் குறை சொல்லுறனியள். வீட்டிலை விட ஏலாததைத்தான் வெளியிலை விட்டனான்.

அம்மாவின்ரை சீலையைக் கிணத்தடியிலை தோய்க்கிறதும் ஐயாதான். வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, "என்ன, மனிசியின்ரை சீலை தோய்ச்சு முடிஞ்சுதோ?" எண்டு கேட்பினம். "முடிஞ்சுது, உன்ரை மனிசியின்ரை இருந்தாலும் கொண்டுவா" எண்டு சொல்லிப்போட்டு ஐயா பிழிஞ்சு உதறுவார். ஏழு மணிக்குத் தோட்டம். பத்து மணிக்கு ஓடி வந்து மருந்து குடுப்பார். மத்தியானம் வந்து சமைப்பார். வெயில் தாழத் திரும்பப் போவார். அந்த ஒரு கட்டை தூரத்தை ஐயாவின்ரை சைக்கிள் ஒரு நாளைக்கு ஆறு தரம் ஓடும். ஏழாம் தரம் அதுவாவே வீட்டை வந்திடும் எண்டு நான் சொல்லுறனான்.

எனக்கு எட்டொன்பது வயசிருக்கேக்கை அம்மாவுக்குச் சரியாக் கூடி, மானிப்பாய் ஆஸ்பத்திரியிலை விட்டிருந்தது. அங்கை டொக்டர் ஐயாவைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டவராம், என்ன தொழில் எண்டு. ஐயா சொன்னவர். புகையிலைக்குப் புகை போடுற குடில் எங்கை இருக்கெண்டு கேட்டவர். வளவுக்குள்ளை எண்டு ஐயா சொன்னவர். "அதை வீட்டிலை இருந்து அகத்தும். அந்தப் புகையும் தூளும் இவவுக்குக் கூடாது. உம்மடை உடம்பிலையும் உடுப்பிலையும் ஒட்டிக்கொண்டு வாறது கூடக் கூடாது."

அம்மா உள்ளுக்குக் கட்டிலிலை. அவவுக்கு இது கேக்கேல்லை. ஐயா சொல்லவும் இல்லை.

புகையிலையை விட்டிருக்கலாமே எண்டு கேட்பியள். மிளகாய் போட்டுப் பாத்தவர், காயப்போட்டதுக்கு எங்கடை நாயே தும்மினது. வெங்காயம் ஒரு மழையோடை அழுகிப்போச்சுது. வாழை பலன் தரச் சுணங்கும், அக்காவோ வளந்துகொண்டு வாறா. அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் அண்டைக்கே விடுங்கோ எண்டிருப்பா. அதோடை, அந்தத் தோட்டம் அவவின்ரை தகப்பன் குடுத்த சீதனம். தன்ரை சீதனம்தான் தன்ரை நெஞ்சை அடைக்குது எண்டு அவ ஒரு நாளும் நினைக்கக்கூடாது எண்டது ஐயாவின்ரை எண்ணம். ஆனபடியால் புகையிலையையும் விடேல்லை, அம்மாவையும் விடேல்லை. நித்திரையைத்தான் விட்டவர்.

நெருப்புப்பொறி கூரையிலை விழும் எண்டு ஒரு பொய்யைச் சொல்லி, வளவுக்குள்ளை நிண்ட குடிலைப் பிரிச்சுத் தோட்டத்திலை கட்டினார். அந்தக் கிழமையே சுருட்டுப் பத்துறதையும் நிப்பாட்டினார். தோட்டத்துச் சாரமும் சேட்டும் தோட்டத்துக் கொட்டிலிலைதான் தொங்கும். வீட்டுக்குத் திரும்புறதுக்கு முதல் ஒவ்வொரு தரமும் தோட்டக் கிணத்திலை தண்ணி அள்ளி வாத்து, தேசிக்காய்ப் புளியும் சவுக்காரமும் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ச்சு, வெள்ளை வேட்டி உடுத்து, திருநீறு பூசித்தான் சைக்கிளிலை ஏறுவார்.

இப்ப இதை எங்கடை ஊர்க் கண்ணாலை பாருங்கோ. தோட்டத்துக்குப் போற மனிசன் சேறோடை வரவேணும். இந்த மனிசன் தலை இழுத்து, சவுக்காரம் மணக்க, வெள்ளை வேட்டியோடை வாறார். வீட்டிலை மனிசி ஏலாதவ. பின்னேரங்களிலை வேலிக்கரையிலை சைக்கிள் நிக்குது, தோட்டத்துக்குள்ளை ஆளைக் காணேல்லை. ஊருக்கு வேறை என்ன வேணும்? வைப்புப் பொம்பிளை ஒருத்தி இருக்கெண்டு முடிவு கட்டியாச்சு. ஆர் எண்டதிலைதான் ஒற்றுமை இல்லை. ஒருத்தர் மானிப்பாய் எண்டார். மற்றவர் சங்கானை எண்டார். ரெண்டு ஊரிலையும் எண்டு சொன்ன ஒரு பெரிய மனிசரும் இருந்தவர்.

இதை எனக்கு முதல் சொன்னவன் பாலன். என்ரை சிநேகிதன், மானிப்பாயிலை ஒரு அச்சுக்கூடத்திலை எழுத்துக் கோக்கிறவன். அப்ப எனக்குப் பதினாறு வயசு. "டேய், கொப்பர் பின்னேரத்திலை எங்கை போறார் எண்டு உனக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டான். அவன்ரை சைக்கிளையே வாங்கிக்கொண்டு அண்டு பின்னேரம் ஐயாவுக்குப் பின்னாலை போனன்.

புகையிலை நெஞ்சளவு நிண்ட நேரம். அதுக்குள்ளை குந்தியிருந்து பாத்தன். ஐயா சருகு பொறுக்கினார். தண்ணி கட்டினார். ஐஞ்சு மணி இருக்கும், மண்வெட்டியைச் சாத்திப்போட்டு இஞ்சாலையும் அங்காலையும் பாத்தார். பேந்து கொட்டிலுக்குள்ளை போனார். மெல்ல மெல்ல ஊர்ந்து கொட்டில் தட்டிக்குக் கிட்டப் போனன். உள்ளுக்கை ஒரு சத்தம். காதைக் குடுத்துக் கேட்டன்.

குறட்டை.

எட்டிப் பாத்தன். ஒரு பழைய சாக்கை மடிச்சுப் போட்டு, அதிலை விழுந்து கிடக்கிறார். படுத்த மாதிரி இல்லை, ஆரோ தூக்கி எறிஞ்ச மாதிரி. வாய் திறந்தபடி. ரெண்டு உள்ளங்கையும் புகையிலைப் பால் பிடிச்சுக் கறுத்துப்போய் மேலை பாத்துக்கொண்டு கிடக்கு. ஊர் தேடின வைப்பு அந்தச் சாக்குத்தான்.

அரை மணித்தியாலத்திலை, ஆரும் எழுப்பாமல், மணிக்கூடும் இல்லாமல் தானா எழும்பினார். கிணத்தடிக்குப் போய் வாத்தார். தேய்ச்சுக் கழுவின கையை மூக்கிலை வைச்சு மணந்து பாத்தார். முதல் வலக்கை, பேந்து இடக்கை. முகத்தைச் சுழிச்சுப்போட்டுத் திரும்பவும் சவுக்காரத்தை எடுத்தார். எனக்கு அங்காலை ஒளிச்சிருக்க ஏலேல்லை.

"ஐயா, ஊர் தேடுற ஆளை நான் கண்டிட்டன்."

திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்பயடா வந்தனி?"

"குறட்டை தொடங்கமுதல்."

கிணத்துக் கட்டிலை இருந்திட்டார். டொக்டர் சொன்னது, குடில் பிரிச்சது எல்லாத்தையும் அண்டைக்குத்தான் எனக்குச் சொன்னவர். சொல்லி முடிச்சுப்போட்டு, "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை" எண்டார்.

"எதை? புகையிலையையோ, நித்திரையையோ?"

கையிலை இருந்த சவுக்காரத்தைக் கீழை வைச்சார். "ரெண்டையும்."

"களைப்பாக் கிடக்கெண்டு அவவிட்டைச் சொன்னால் என்ன ஐயா?"

"அவ மூச்சு விடவே களைக்கிறா. அவவிட்டைப் போய் எனக்குக் களைப்பெண்டு சொல்லுறதோ?"

"ஊர் உங்களைப் பற்றி என்ன கதைக்குதெண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"பேந்து?"

"கதைக்கட்டும் மோனை. கதைக்கிறதாலை முட்டு வராதுதானே."

அண்டையிலை இருந்து அந்த அரை மணித்தியாலத்துக்குக் காவல் நான். அந்த நேரத்திலை ஆரும் ஐயாவைத் தேடி வந்தால், "சந்திக்குப் போட்டார்", "மருந்து வாங்கப் போட்டார்" எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவன். நான் சொன்ன பொய்யள் எல்லாம் ஊர்க் கதைக்கு இன்னும் உரம் போட்டது எண்டது எனக்குப் பேந்துதான் விளங்கினது.

ஒரு விசயத்தை எழுதாமல் விடலாம். ஆனால் விட்டால் மற்றதை எழுதினதிலை பிரயோசனம் இல்லை. எனக்குப் பதினெட்டு வயசிருக்கும். ஒரு நாள் காலமை முருங்கை இலை உருவிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்திலை இருந்தனான். அம்மா மெல்லக் கேட்டா. "தம்பி, ஐயா வேறை எங்கையும் போறவரோ?"

என்ரை வாய் சும்மா இருக்குமோ? "ஓமம்மா, நாலைஞ்சு இடம். நான் பேர் எழுதி வைச்சிருக்கிறன்" எண்டன்.

அவ சிரிக்கேல்லை. "பகிடி விடாதை. நான் ஏலாத ஆள். அவர் போனாலும் நான் ஒண்டும் நினைக்கேல்லை எண்டு நீ அவருக்கு ஒரு சாட்டிலை சொல்லிவிடு."

உண்மை என்ரை நாக்கு நுனியிலை நிண்டது. ஐயாவுக்குக் குடுத்த வாக்கும் நிண்டது. இலையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போயிட்டன். அதுக்குப் பிறகு அம்மா ஒரு நாளும் கேக்கேல்லை. ரெண்டு வருசத்துக்கு மேலை அவ அதை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு, அந்த மனிசன் பிழிஞ்ச இடியப்பத்தைச் சாப்பிட்டவ.

போன வருசம் பங்குனி. புகை போடுற காலம். நாலரை மணிபோலை நான் தோட்டத்துக்குப் போறன், ஐயா நேரத்துக்கு முந்தியே சாக்கிலை கிடக்கிறார். குறட்டை இல்லை. இண்டைக்கு நல்ல நித்திரை போலை எண்டு நினைச்சன். குடிலுக்குத் தேங்காய்ப் பொச்சு அடுக்கினன். அரை மணித்தியாலம் போட்டுது. ஒரு மணித்தியாலம் போட்டுது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து ஏதோ கேட்டார். "மெல்லக் கதையுங்கோ, ஐயா நித்திரை" எண்டன். அம்மாவின்ரை மருந்து நேரம் வந்தாப்பிறகுதான் போய்க் காலைத் தொட்டனான்.

படுத்த உடனையே நெஞ்சு நிண்டிருக்கும், எழுப்பியிருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர். "ஏனடா எழுப்பேல்லை?" எண்டு கேட்ட ஆக்களுக்கு இதுதான் மறுமொழி. எனக்கு மனம் வரேல்லை. பதினாறு வயசிலை இருந்து நான் அவருக்குச் செய்த ஒரே உதவி எழுப்பாமல் விடுறதுதான்.

அம்மாவிட்டைப் போய்ச் சொல்லவேணும். என்ரை கை முழுக்கப் புகையிலை. அவ என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவா. அதை நினைச்சுப்போட்டுக் கிணத்தடிக்குப் போய் வாத்தன். தேசிக்காய் போட்டுத் தேய்ச்சன். கையை மணந்து பாத்தன். தேப்பன் செத்துக் கிடக்கக் குளிச்சுச் சவுக்காரம் போடுறான் எண்டு கண்ட ஆக்கள் கதைச்சியள். ஓம், போட்டனான்.

அடுத்த நாள் செத்த வீடு. மாமா என்னைத் தேடி வந்தார்.

"டேய் மருமோன், வெத்திலைத் தட்டத்திலை சுருட்டைக் காணேல்லை. எங்கை?"

"சுருட்டு இல்லை மாமா."

"என்னடா இல்லை? புகையிலைக்காரன்ரை செத்த வீடு. வந்த சபைக்கு ஒரு சுருட்டு வைக்காட்டி ஊர் என்ன சொல்லும்?"

"இவ்வளவு நாளும் சொன்னதை விடவோ?"

"வாய் காட்டாதை. கடையிலை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வா. இது சபை மரியாதை."

நான் பகிடியாத்தான் தொடங்கினனான். எப்பிடிக் குரல் ஏறினது எண்டு தெரியாது. "உங்கடை சபைக்குச் சுருட்டு வேணுமோ, உங்கடை தங்கச்சிக்கு மூச்சு வேணுமோ மாமா?" எண்டு கத்தினன். பேந்து நிப்பாட்டத் தெரியேல்லை. டொக்டர் சொன்னது, குடில் பிரிச்சது, கிணத்தடிக் குளிப்பு, சாக்கு, குறட்டை எல்லாத்தையும் பந்தலுக்கை நிண்டு கொட்டிப்போட்டன். மடியிலை இருந்து சுருட்டை எடுத்த ஒருத்தர் அதைத் திரும்பவும் மடிக்குள்ளை செருகினார்.

மாமா திரும்பினார். உள்ளுக்குப் போய் ஒரு வெறுந்தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வாசல் படலையிலை போய் நிண்டார். "உள்ளை வாறவை சுருட்டு, பீடி, சிகரெட் இருந்தால் இதிலை வைச்சிட்டு வாங்கோ. போகேக்கை எடுக்கலாம்" எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொன்னார். அந்த வெயிலிலை, பாடை வெளிக்கிடும் வரைக்கும் அப்பிடியே நிண்டவர். இன்முகம் மாறாத பண்பாளர் எண்டு அவரைப் பற்றி வேணுமெண்டால் எழுதலாம்.

நான் கத்தினது வீட்டுக்குள்ளை அம்மாவுக்கும் கேட்டது. மூண்டாம் நாள் காலமை என்னைக் கூப்பிட்டா.

"அந்தச் சாக்கிலை அவர் நித்திரை கொண்டவரோ?"

"ஓமம்மா."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம்."

"காணாது," எண்டா. திரும்பவும், "அரை மணித்தியாலம் அவருக்குக் காணாது" எண்டா.

மற்றக் கதையை, அந்த வைப்புக் கதையை, அவவும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை.

இந்த ஒரு வருசமா மல்லித்தண்ணி, மருந்து, குசினி, சீலை, தோட்டம் எல்லாம் நான். புகையிலையை விடு எண்டு அம்மா சொன்னபடியால் மூண்டு பரப்பிலை வாழைக்குட்டி வைச்சிருக்கிறன். நீர்வேலியிலை கலியாணம் முடிச்ச அக்கா அனுப்பினது. மற்ற மூண்டு பரப்பும் வாழை பலன் தருமட்டும் புகையிலைதான். ஆனபடியால் கிணத்தடிக் குளிப்பு இன்னும் நிக்கேல்லை. ஊரிலை இன்னும் என்னைப் பற்றிக் கதை வரேல்லை எண்டதிலை எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

உவன் இப்ப முந்தி மாதிரிப் பகிடி விடுறேல்லை எண்டு சொல்லுறியளாம். பகிடிக்கும் நித்திரை வேணும். கோயிலிலை பூசை நேரம் தூணைப் பிடிச்சபடி நித்திரையாப் போனன். அர்ச்சனைத் தட்டத்தோடை நிண்ட ஐயர்தான் தட்டி எழுப்பினவர். சைக்கிளிலை போகேக்கை கண் சொருகி, ஆரோ ஒருத்தற்றை வேலிக்குள்ளை போய்ச் செருகினன். அதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க ஏலாத கதை ஒண்டும் இருக்கு. தை மாசம் ஒரு விடியக்காலமை, அம்மா இருமிக்கொண்டிருக்க, "ஒரு பத்து நிமிசம் இருமாமல் இரு அம்மா" எண்டு சொல்லிப்போட்டன். அவ சீலைத் தலைப்பை வாய்க்குள்ளை அடைஞ்சுகொண்டு இருமலைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. முகம் கறுத்துப்போச்சுது. ஓடிப்போய்ச் சீலையை இழுத்து எடுத்தன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை. இப்பிடி ஒரு சொல்லு ஐயாவின்ரை வாய்க்குள்ளையும் எத்தினை தரம் வந்திருக்கும், எத்தினை தரம் விழுங்கியிருப்பார்?

ஒரு பொம்பிளையைக் கட்டு, அவள் பாப்பாள் எண்டு சொல்லுற ஆக்களுக்கு: வாற பிள்ளையைச் சம்பளமில்லாத வேலைக்கு ஆள் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. நீர்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு அக்கா கேட்டவ. அம்மா தன்ரை கதிரையை விட்டு வரமாட்டன் எண்டிட்டா. கேட்ட கேள்விக்கு மறுமொழி இதுதான். அம்மாவை நான் பாப்பன். உனக்கு ஏலுமோ எண்டால், ஏலாது. ஏலும் எண்டு முகத்தை வைச்சுக்கொண்டு இருபது வருசத்துக்கு மேலை இருக்க ஐயாவாலை முடிஞ்சது. எனக்கு ஒரு வருசமே முடியேல்லை.

இனி நன்றி. அம்மாவுக்கு முட்டுக் கூடின நேரமெல்லாம் நடுச்சாமம் எண்டும் பாக்காமல் சந்தியிலை இருந்து காரைக் கொண்டுவந்த மனிசருக்கு. ஆஸ்பத்திரியிலை அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுற தாதி மிஸ்ஸிமாருக்கு. ஐயா இல்லாத முதல் மாசம் முழுக்கக் கஞ்சி காய்ச்சி வேலிக்கு மேலாலை தந்த பக்கத்து வீட்டு மாமிக்கு. செத்த வீட்டண்டு வெளியாலை ஒழுங்கையிலை போய் வெயிலுக்கை நிண்டு சுருட்டுப் பத்தின ஆக்களுக்கு. தட்டம் பிடிச்ச மாமாவுக்கு. ஐயாவுக்கு வைப்பிருக்கெண்டு கதை கட்டின ஆக்களுக்கும் நன்றி. நீங்கள் கதைச்சிராட்டில் நான் அவருக்குப் பின்னாலை போயிருக்க மாட்டன், என்ரை ஐயாவை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இவ்வளவையும் எழுதிக் கொண்டுபோய் அச்சுக்கூடத்திலை பாலனிட்டைக் குடுத்தன். நிண்ட நிலையிலையே முழுக்க வாசிச்சான். நான் வாங்கிலை இருந்தனான். எழும்பிப் போகவேணும், மருந்து நேரம், ஆனால் கால் வரேல்லை. "பாலன், எனக்கு ஏலாமல் கிடக்கடா" எண்டன். அதை அப்பத்தான் முதன்முதல் வாய் திறந்து ஒருத்தரிட்டைச் சொல்லுறன். அவன் கடுதாசியை மடிச்சுச் சேட்டுப் பைக்குள்ளை வைச்சான். அவன் சொன்னதையும் இதிலை சேர்த்து அடிக்கச் சொல்லிப்போட்டன்:

"இதைச் சொல்ல உனக்கு ஒரு வருசமோடா, நாளைக்கு விடிய நான் வாறன், நீ படு."